ஓயாத மடிப்பு

மூளையின் இரு பாதிகளும் ஒன்றையொன்று நோக்கும் உட்சுவரில், இடைக்கச்சைபோல் வளைந்த மடிப்பு ஒன்று உண்டு. கச்சை என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லால் அதனைச் சிங்குலேட் என்பர். அதன் பின்பகுதியின் இயல்பு வியப்புக்குரியது. மாணவன் கணக்கில் ஆழ்ந்திருக்கும்போது அது சற்றே அடங்குகிறது. எழுதுகோலை வைத்துவிட்டுக் கடந்த விடுமுறையை எண்ணுவானாயின் விழித்தெழுகிறது! சோம்பியிருக்கும் மூளை என ஒன்று இல்லை போலும். அமெரிக்க அறிஞர் ரெய்க்கிலும் அவர்தம் குழுவினரும் 2001-ஆம் ஆண்டில் இதனை விளக்கினர்.

பழைய நினைவை மீட்பதிலும் வழியறிவதிலும் இப்பகுதிக்குப் பங்குண்டு. அல்சைமர் என்னும் மறதிநோயின் தொடக்கத்திலேயே இங்குக் குளுக்கோசுச் செலவு குறைந்துவிடுவதை 1997-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. பழகிய தெருவிலே முதியவர் வழி தெரியாது திகைத்து நிற்பதற்கு இக்குறைவும் ஒரு காரணமாதல் கூடும்.