512 பைட்டுக்குள் ஒரு தமிழ்ச் செய்தி
(ஐ.ஆர்.சி. தானியங்கி குறித்த ஒரு பாடம்)

முன்னுரை

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குப் 'பெரட்டு' என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. விடியுமுன் எல்லாரும் களத்தில் கூடுவார்கள். கிராணி பெயர் வாசிப்பார். பதில் குரல் வந்தால் வருகைப் பதிவேட்டில் குறி விழும். குரல் வரவில்லை என்றால் அன்றைய கூலி இல்லை. யார், எந்த நிரை, என்ன வேலை என்ற மூன்றும் அந்தப் பதிவேட்டின் கட்டங்களுக்குள் அடங்கிவிடும்.

கணினித்துறை மாணவனாக நான் முதன்முதலில் எழுதிய உருப்படியான நிரல் ஓர் உரையாடல் தானியங்கி. அது எப்படி இயங்குகிறது என்று வீட்டில் விளக்க முற்பட்டபோது, பெரட்டைச் சொல்லித்தான் புரியவைக்க முடிந்தது. அந்தத் தானியங்கி ஒரு நாள் ஒரு தமிழ்ச் செய்தியைப் பாதியில் தொலைத்தது. இணைய உரையாடலில் ஒரு செய்தி எப்படி உருவம் பெறுகிறது, அதை எப்படிக் கையாளவேண்டும், தமிழ் என்று வரும்போது கூடுதலாக எதைக் கவனிக்கவேண்டும் என்பவற்றை அந்த அனுபவத்தோடு சேர்த்து இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

ஐ.ஆர்.சி. என்பது என்ன?

1988-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஒய்க்காரினென் என்பவர் உருவாக்கியதே ஐ.ஆர்.சி. எனப்படும் இணைய உரையாடல் முறை. அதன் விதிகள் 1993-ஆம் ஆண்டு மே மாதம் ஆர்.எஃப்.சி. 1459 என்ற ஆவணமாக வெளிவந்தன. வாட்ஸ்அப், டெலிகிராம் போன்றவை வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே குழு உரையாடல் என்ற பழக்கத்தைப் பரப்பியது இதுதான். இன்று இதனைப் பயன்படுத்துவோர் குறைவு. ஆயினும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் இன்னமும் இதில் கூடுகிறார்கள். அவர்களில் பலர் 2021-ஆம் ஆண்டு மே மாதத்தில் தொடங்கப்பட்ட லிபேரா சாட் வலையமைப்பில் இருக்கின்றனர்.

கற்றுக்கொள்வதற்கு ஐ.ஆர்.சி. மிகவும் ஏற்றது. இதில் செல்லும் ஒவ்வொரு செய்தியும் கண்ணால் படிக்கக்கூடிய ஒரே ஒரு வரி. அந்த வரியை வாங்கிப் பிரித்து, பொருள் அறிந்து, பதில் அனுப்பும் நிரலே தானியங்கி ஆகும்.

ஒரு செய்தியின் உறுப்புகள்

ஐ.ஆர்.சி. வரியில் நான்கு உறுப்புகள் உண்டு. முதலாவது, அனுப்பியவரின் அடையாளம். புனைபெயர், பயனர் பெயர், கணினி முகவரி ஆகிய மூன்றும் சேர்ந்தது அது. இரண்டாவது, கட்டளை. பேச்சுக்கு உரிய கட்டளை 'பிரிவ்மெசேஜ்'. மூன்றாவது, பெறுநர்; அது ஓர் அரங்காகவோ தனியாளாகவோ இருக்கலாம். நான்காவது, ஒரு முக்காற்புள்ளிக்குப் பின்வரும் உரை. வரியின் முடிவைக் காட்ட இரண்டு கட்டுப்பாட்டுக் குறிகள் வரும்.

தொடக்கநிலையில் பலரும் இந்த வரியை அப்படியே ஒரு சரமாக வைத்துக்கொண்டு, அதில் தங்களுக்கு வேண்டிய சொல் இருக்கிறதா என்று தேடுவார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். 'உதவி' என்ற சொல்லைக் கண்டால் உதவிக்குறிப்பை அனுப்பும்படி எழுதினேன். யாரோ ஒருவர் "அண்ணே, உதவிக்கு நன்றி" என்று தட்டச்சு செய்ய, தானியங்கி முழு உதவிக்குறிப்பையும் அரங்கில் கொட்டியது.

எனவே வரி வந்ததும் முதல் வேலை, அதைப் பதிவேட்டின் கட்டங்களைப் போலப் பிரித்து வைப்பது. அனுப்பியவர், கட்டளை, பெறுநர், உரை, வந்த நேரம் என ஐந்து புலங்கள் கொண்ட ஒரு பொருளாக அது மாறவேண்டும். நேரத்தை நாம்தான் சேர்க்கவேண்டும். பழைய விதிகளின்படி வரியில் நேரம் வருவதில்லை. அதன்பின் நிரலின் மற்றப் பகுதிகள் எதுவும் மூல வரியைத் தொடக்கூடாது. அவை இந்தப் பொருளோடு மட்டுமே பேசவேண்டும். உரை ஒரு வியப்புக்குறியில் தொடங்கினால் மட்டுமே அது தானியங்கிக்கு இடப்பட்ட ஏவல் என்று வைத்துக்கொண்டால், மேலே சொன்ன குழப்பம் வராது.

கையாளும் முறை

முதலில், வலையமைப்பிலிருந்து பைட்டுகள் வரி வரியாக வந்து சேர்வதில்லை. ஒரு முறை வாசித்தால் அரை வரி வரலாம். மறுமுறை இரண்டரை வரி வரலாம். மரத்தின் கிண்ணங்களில் இருக்கும் பாலை வாளியில் சேர்த்து, ஸ்டோருக்குக் கொண்டுபோன பிறகுதான் நிறுப்பார்கள். ஒவ்வொரு கிண்ணமாக நிறுப்பதில்லை. அதுபோல, வந்த பைட்டுகளை ஓரிடத்தில் சேர்த்து, வரியின் முடிவுக்குறியைக் கண்ட பிறகே எழுத்துகளாக மாற்றவேண்டும். தமிழுக்கு இது மிக முக்கியம். யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட்டு. பாதியில் மாற்றினால் எழுத்து உடைந்து, கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி தோன்றும்.

இரண்டாவது, 'பிங்' என்று வழங்கி கேட்டால் 'பாங்' என்று பதில் சொல்லவேண்டும். பெரட்டில் பெயர் வாசிப்பது போன்றதே இது. உரிய நேரத்தில் குரல் வரவில்லை என்றால் வழங்கி இணைப்பைத் துண்டித்துவிடும்.

மூன்றாவது, பதில் யாருக்குப் போகவேண்டும்? பெறுநர் புலத்தில் அரங்கின் பெயர் இருந்தால் பதில் அரங்குக்கு. தானியங்கியின் பெயரே இருந்தால் பதில் அனுப்பியவருக்கு. இதைக் கவனிக்காத தானியங்கி தனக்குத் தானே பேசிக்கொண்டிருக்கும்.

நான்காவது, இரண்டு தானியங்கிகள் ஒன்றுக்கொன்று பதில் சொல்லத் தொடங்கினால் அதற்கு முடிவே கிடையாது. இதற்காகவே 'நோட்டிஸ்' என்ற தனிக்கட்டளை இருக்கிறது. நோட்டிஸாக வந்த செய்திக்குத் தானாகப் பதில் அனுப்பக்கூடாது என்பது விதி.

ஐந்தாவது, வேகம். ஆர்.எஃப்.சி. 1459-இன்படி ஒவ்வொரு செய்திக்கும் வழங்கி 2 வினாடி கணக்கு வைக்கிறது. 10 வினாடி வரைதான் முன்கூட்டியே செலவழிக்க விடும். அதாவது, ஒரே மூச்சில் ஐந்து செய்திக்கு மேல் அனுப்பினால் தாமதம் ஏற்படும். ஆகவே தானியங்கி தன் பதில்களை வரிசையில் நிறுத்தி, இடைவெளி விட்டு அனுப்பவேண்டும்.

தமிழ் நுழையும்போது

ஐ.ஆர்.சி. பிறந்த இடத்தின் அடையாளம் அதன் விதிகளிலேயே இருக்கிறது. நெளிவு அடைப்புக்குறியைச் சதுர அடைப்புக்குறியின் சிற்றெழுத்து வடிவம் என்று அந்த விதி சொல்கிறது. இரண்டு புனைபெயர்கள் ஒன்றா, வேறா என்று பார்க்கும்போது இதையும் கணக்கில் கொள்ளவேண்டும். ஸ்காண்டிநேவிய மொழிகளின் சில எழுத்துகள் அந்நாளில் அந்தக் குறிகளின் இடத்தில் அமர்ந்திருந்ததே காரணம். உருவாக்கியவர் தம் மொழிக்கு ஓர் இடம் பார்த்து வைத்திருக்கிறார். அதில் தவறில்லை. நம் மொழிக்கு நாம்தான் பார்க்கவேண்டும்.

அதே விதிகளின்படி புனைபெயரில் ஆங்கில எழுத்து, எண், சில குறிகள் மட்டுமே வரலாம். தமிழில் பெயர் வைக்க முடியாது. ஆனால் அரங்கின் பெயருக்கு அந்தத் தடை இல்லை. வெற்றிடம், காற்புள்ளி போன்ற சிலவற்றைத் தவிர எதுவும் வரலாம். எனவே எங்கள் அரங்குக்குத் 'தோட்டம்' என்று தமிழிலேயே பெயர் சூட்டினோம்.

அந்த ஒரு சொல்லையே கணக்கிட்டுப் பார்ப்போம். தோ, ட், ட, ம் என நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. ஒருங்குறியில் த, ஓகாரக்குறி, ட, புள்ளி, ட, ம, புள்ளி என ஏழு குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் 21 பைட்டு. ஆங்கில எழுத்தில் எழுதினால் 7 பைட்டுதான். ஒருங்குறிக்கு முன் நம்மவர் பயன்படுத்திய டிஸ்கி குறியீட்டில் 6 பைட்டே போதும். அதில் ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் தனியிடம் உண்டு. ஆனால் டிஸ்கியில் கொம்பு, மெய்க்கு முன்னால் வரும். பார்வைக்குச் சரி, தேடுவதற்கும் அகரவரிசைப்படுத்துவதற்கும் தொல்லை. எதிர்முனையில் அதே எழுத்துரு இல்லாவிட்டால் படிக்கவே முடியாது. ஒருங்குறி இந்தத் தொல்லைகளைத் தீர்த்தது. அதற்கு நாம் கொடுத்த விலை பைட்டுகள்.

ஒருங்குறியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 'கொ' என்ற எழுத்தை ஒகரக்குறி ஒன்றைக்கொண்டும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறிகளைக்கொண்டும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. நிரலுக்கு இரண்டும் வேறு. ஆகவே ஒப்பிடுவதற்கு முன் இயல்பாக்கம் செய்து ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரவேண்டும்.

தொலைந்த வால்

இனி நான் கற்ற பாடம். எங்கள் தோட்டம் பகாவ் வட்டாரத்தில் இருந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகு குடும்பங்கள் பல ஊர்களுக்குச் சிதறின. இளையவர்கள் நாங்கள் அரங்கில் கூடினோம். கோயில் திருவிழா, திருமணம், இறப்பு ஆகியவற்றை என் தானியங்கி அறிவிக்கும். பார்த்தவர் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்வார்.

2011-ஆம் ஆண்டு எங்கள் முன்னாள் மண்டோர் ஒருவர் காலமானார். நேரம், வீட்டு முகவரி, வழி எல்லாவற்றையும் எழுதி, கடைசியில் தோட்டத்துச் சுடுகாட்டில் அடக்கம் இல்லை, சிரம்பானில் தகனம் என்று முடித்தேன். என் திரையில் முழுச் செய்தியும் தெரிந்தது. மற்றவர்களின் திரையில் 'தோட்டத்துச் சுடுகாட்டில் அடக்கம்' என்பதோடு நின்றுவிட்டது. மறுநாள் மூன்று பெரியவர்கள் பழைய சுடுகாட்டு வாசலில் வெயிலில் காத்திருந்தார்கள். செய்தி தெரிந்து அவர்கள் சிரம்பான் சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. அவர்களில் ஒருவர் இறந்தவரோடு முப்பது ஆண்டுகள் ஒரே லயத்தில் வாழ்ந்தவர். என்னை அவர் கடிந்துகொள்ளவில்லை. "மூஞ்சியப் பாக்க முடியலையேப்பா" என்றார். அவ்வளவுதான்.

காரணத்தை அன்றிரவு தேடினேன். ஐ.ஆர்.சி. வரி ஒன்று முடிவுக்குறிகளோடு சேர்த்து 512 பைட்டுக்கு மேல் இருக்கக்கூடாது. நமக்கு எஞ்சுவது 510. நான் அனுப்பிய வரி அதற்குள்தான் இருந்தது. ஆனால் மற்றவர்களுக்கு அனுப்பும்போது வழங்கி என் தானியங்கியின் அடையாளத்தை முன்னால் சேர்க்கிறது. அது 58 பைட்டு. கட்டளையும் அரங்கின் பெயரும் 32 பைட்டு. உரைக்கு எஞ்சுவது 420 பைட்டு, அதாவது 140 தமிழ்க் குறியீடுகள். 'தோட்டம்' அளவுள்ள சொற்கள் 19 மட்டுமே. அதே சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதினால் 52 முறை எழுதலாம். மிஞ்சியதை வழங்கி ஓசையில்லாமல் வெட்டிவிட்டது. அனுப்பியவனுக்கு அது தெரியவே தெரியாது.

இதில் தமிழுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருகிறது; மறுப்பும் அங்கேயே வருகிறது. 'கூட்டம் நடைபெறும்', 'கூட்டம் நடைபெறாது' என்ற இரண்டையும் றகரத்தோடு வெட்டிவிட்டால் 'கூட்டம் நடைபெற' என்று இரண்டும் ஒன்றாகிவிடும். ஆங்கிலத்தில் மறுப்புச் சொல் பெரும்பாலும் வினைக்கு முன்பே வந்துவிடும். வால் போனாலும் தலை பேசும். தமிழில் வால் போனால் பொருளே மாறலாம்.

தீர்வு

அதன்பின் நிரலில் செய்த மாற்றங்கள் இவை. உரைக்கு எஞ்சும் இடத்தை, வழங்கி சேர்க்கப்போகும் அடையாளத்தையும் கழித்து, பைட்டுகளில் கணக்கிடுதல். அதற்கு மேற்பட்ட செய்தியை வாக்கிய முடிவில் பிரித்தல். முடியாவிட்டால் சொல்லின் முடிவில் பிரித்தல். எந்நிலையிலும் ஓர் எழுத்தின் நடுவில் பிரிக்காதிருத்தல். இங்கே எழுத்து என்பது உயிர்மெய்க்குறியும் புள்ளியும் சேர்ந்த முழு எழுத்து. பிரித்த ஒவ்வொரு துண்டின் தலையிலும் '1/3', '2/3' என எண்ணிடுதல். எண்ணைக் காணவில்லை என்றால் ஏதோ விடுபட்டிருக்கிறது என்று படிப்பவரே அறிந்துகொள்வார்.

நிரலுக்கு வெளியே ஒரு மாற்றமும் செய்தேன். இறப்புச் செய்தியில் இடமும் நேரமும் முதல் வரியிலேயே வரவேண்டும் என்று வைத்துக்கொண்டேன்.

முடிவுரை

இது ஐ.ஆர்.சி.க்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 எழுத்து. தமிழுக்கு 70 குறியீடுதான். நம் நாட்டின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005-இல் அறிமுகமாகி, கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்திக்கு வழி திறந்தபோதும் இந்த எல்லை இருந்தது. தரவுத்தளப் புலங்கள், படிவங்கள், அறிவிப்புப் பட்டைகள் என இன்றும் எங்கெல்லாம் ஓர் அளவு குறிக்கப்பட்டிருக்கிறதோ, அங்கெல்லாம் அது பைட்டா, குறியீடா, எழுத்தா என்று கேட்கவேண்டியவர்கள் நாம்தான்.

கணினித்துறையில் பயிலும் தம்பி தங்கைகள் தங்கள் நிரலைச் சோதிக்கும்போது, 'வணக்கம்' என்ற ஒரு சொல்லை இட்டுப் பார்த்து, தமிழ் வருகிறது என்று நிறுத்திவிட வேண்டாம். இல்லை, வேண்டாம், மாட்டார் என்று முடியும் நீண்ட வாக்கியம் ஒன்றை எழுதி, இன்னொருவர் திரையில் அது எப்படி முடிகிறது என்று பாருங்கள். அந்த முடிவை நம்பி யாரோ ஒருவர் பேருந்து ஏறக்கூடும்.