இருபது ஈர்க்கும் ஒரு தேசிக்காயும்

கட்டாரில் ஒன்பது வருடம் கட்டட வேலைத்தளங்களில் சிவில் எஞ்சினியராக இருந்துவிட்டு ஊருக்கு வந்த வருடம், ஆறாம் தரம் முதல் ஒன்பதாம் தரம் வரையுள்ள பிள்ளைகளுக்கு ஒரு ‘சமர் கேம்ப்’ வைக்கப் போவதாகச் சாய்ந்தமருதில் நாலு பேரிடம் சொன்னேன். “நமக்கு சமர் எப்ப சேர் வாற?” என்று முதலில் கேட்டவர் எங்கள் வீட்டுக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருப்பவர். கேட்டது நியாயம்தான். கல்முனைக் கரையில் வருடம் முழுக்க வெயில், இல்லாவிட்டால் மழை. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நீண்ட விடுமுறை நோன்பை ஒட்டி வரும். நோன்போ வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். மார்கழியில் வைத்தால் வெள்ளம். ஆகஸ்டில் வைத்தால் கச்சான் காற்று. முதல் வருடம் ஆகஸ்டில் வைத்தேன். ஜன்னலைத் திறந்தால் ரெஜிபோம் துண்டுகள் முற்றம் வரைக்கும் பறந்தன. மூடினால் பிள்ளைகள் அவிந்துபோனார்கள்.

இப்போது காலை எட்டரை முதல் பதினொன்றே முக்கால் வரை, ஐந்து நாள். வெள்ளிக்கிழமை இல்லை. பின்னேரம் ஓதப் போக வேண்டும், இரவில் ரியூசன். அந்த மூன்றே கால் மணித்தியாலத்துக்கு மேல் கேட்டால் உம்மாமார் அனுப்ப மாட்டார்கள். நோன்பிலும் ஒருமுறை நடத்திப் பார்த்தேன். பத்தரை வரை பிள்ளைகள் நன்றாகவே இருப்பார்கள். அதற்குப் பிறகு வாளும் சுத்தியலும் கொடுக்கக் கூடாது. வரைதல், பேசுதல், பார்த்தல் மட்டும்.

முதல் கேம்பில் செய்த பெரிய பிழை, சல்லியைக் கொண்டுபோய் ரோபோ கிட்டில் போட்டது. கொழும்பிலிருந்து நாலு பெட்டி எடுப்பித்தேன். இருபத்து நாலு பிள்ளைகள், ஒரு பெட்டிக்கு ஆறு பேர். இரண்டு பேர் ஸ்குரூ முடுக்க, நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செய்முறைத் தாள் ஒன்று படத்தோடு பெட்டிக்குள்ளேயே இருந்தது. புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பழைய வினாத்தாள் செய்து செய்து ஊறிய பிள்ளைகளுக்கு அந்தத் தாள் இன்னொரு வினாத்தாள். மூன்றாம் நாள் நாலு மேசையிலும் ஒரே ரோபோ, ஒரே திசையில் ஓடியது. பெற்றோருக்குப் பெரிய சந்தோசம். ஒரு மகன் என்னிடம் வந்து, “இதுக்கு எத்தின மார்க்ஸ் சேர்?” என்று கேட்டான். அன்றிரவு எனக்குச் சரியாக நித்திரை இல்லை.

அடுத்த விடுமுறைக்குள் அரவிந்த் குப்தாவைத் தேடிப் படித்தேன். ஐஐடி கான்பூரில் படித்து, புனேயில் டாடாவின் லொறித் தொழிற்சாலையில் வேலை பார்த்த எஞ்சினியர். 1978இல் விடுப்பு எடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் பக்கம் கிராமப் பள்ளிக்கூடங்களில் நடந்த அறிவியல் திட்டத்துக்குப் போனவர், பிறகு வாழ்நாள் முழுக்கக் குப்பையில் கிடக்கும் சாமான்களால் விளையாட்டுப் பொருள் செய்யவே இருந்துவிட்டார். 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவர் அங்கே கண்டுபிடித்ததில் எனக்குப் பிடித்தது, நெருப்புக்குச்சியும் சைக்கிள் வால்வுக்குப் போடும் மெல்லிய ரப்பர்க் குழாயும். குழாயைச் சிறு துண்டுகளாக வெட்டி, இரண்டு பக்கமும் குச்சியைச் செருகினால் மூட்டு தயார். மூன்று குச்சியில் முக்கோணம்: அழுத்தினாலும் அசையாது. நாலு குச்சியில் சதுரம்: விரலால் தொட்டாலே சாய்ந்துவிடும். அதற்குள் ஒரு மூலைக்குச்சி போட்டால் நின்றுவிடும். மட்டக்களப்புக்குப் போகிற வழியில் கல்லடியில் ஆங்கிலேயர் காலத்து இரும்புப் பாலத்தைப் பார்த்த பிள்ளை, அதில் ஏன் அவ்வளவு முக்கோணம் என்று அதன்பிறகு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

அந்த ரப்பர்க் குழாய் இப்போது இலகுவில் கிடைக்காது. எதிர்க்கடைக்காரர் பழைய டின் ஒன்றுக்குள்ளிருந்து ஒரு சுருளை எடுத்துத் தந்து, சல்லி வேண்டாமென்றார். சமர் எப்போது வருமென்று கேட்ட அதே ஆள்.

முதல் நாள் முதல் வேலையாக இப்போது நான் வைப்பது ஈர்க்குக் கோபுரம். இதுவும் இரவல்தான். பீட்டர் ஸ்கில்மன் என்ற வடிவமைப்பாளர் தொடங்கி, டொம் வுஜெக் என்பவர் 2010இல் ஒரு மேடைப் பேச்சால் உலகம் முழுக்கப் பரப்பிய போட்டி: இருபது ஸ்பகெட்டி, கொஞ்சம் டேப், கொஞ்சம் நூல், உச்சியில் ஒரு மார்ஷ்மெலோ, பதினெட்டு நிமிடம். வணிக நிர்வாகம் படித்து முடித்தவர்களைவிட பாலர் வகுப்புப் பிள்ளைகள் உயரமாகக் கட்டுகிறார்கள் என்று வுஜெக் சொல்வார். நான் தென்னையோலை ஈர்க்கும் தேசிக்காயும் வைத்தேன். ஈர்க்கு ஸ்பகெட்டியைப் போல உடையாது, வளையும். அதனால் கோபுரம் வீழ்கிற விதமும் வேறு. தேசிக்காய் பாரம். கடைசி நிமிடத்தில் உச்சியில் வைத்தால் மொத்தக் கோபுரமும் கும்பிடு போடும்.

ரியூசனில் முதலாவதாக வருகிற பிள்ளைகள் பன்னிரண்டு நிமிடம் கொப்பியில் படம் கீறுவார்கள். நாலாவது நிமிடமே தேசிக்காயை வைத்துப் பார்க்கிற குழுதான் அநேகமாக வெல்லும். எனக்கு இதில் ஒரு கஷ்டம் உண்டு: சாய்கிற கோபுரத்தைக் கண்டால் கை தானாக நீளும். எஞ்சினியர் புத்தி. இப்போது அந்தப் பதினெட்டு நிமிடமும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நிற்கிறேன். உதவிக்கு வருகிற பல்கலைக்கழகப் பொடியன்களுக்கும் அதே சட்டம். பிள்ளையின் கையிலிருந்து ஸ்குரூ டிரைவரை வாங்கினால் அன்றைக்கு அவர் தேநீர் ஊற்ற வேண்டும்.

இரண்டாம் நாள் மருதமுனைக்குப் போவோம், கைத்தறி பார்க்க. போனைக் கொண்டுவரக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, பென்சிலால் வரைய வேண்டும். குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்பவர் மிதிக்கட்டையை மிதித்தால் பாவு நூலில் பாதி மேலே போகும், பாதி கீழே வரும், இடையில் நாடா பாயும். கயிற்றை இழுத்து நாடாவை ஓடவிடுகிற ஏற்பாடு 1733இல் ஜோன் கே என்ற ஆங்கிலேயர் செய்தது. அது வருவதற்கு முன் நாடாவைக் கையாலேயே எறிந்து பிடிக்க வேண்டும். இதையெல்லாம் நான் பலகையில் வரைந்து காட்டினேன். மிதித்தால் ஒரு பாதி ஏறுகிறது என்று ஒரு நெம்புகோலும் போட்டேன். பின் வரிசையில் இருந்த எட்டாம் தரப் பிள்ளை, “இல்ல சேர், மிதிச்சா ஒரு பாதி இறங்கும். மற்றப் பாதிய மேல இரிக்கிற உருளைதான் இழுக்கும். ரெண்டும் ஒரே கயிறு” என்றாள். அவளுடைய வாப்பா நெசவு செய்கிறவர். என் படத்தை அழித்துவிட்டுச் சோக்கட்டியை அவளிடம் கொடுத்தேன். அதுவரை அவள் வாய் திறந்து பேசியதே இல்லை.

மூன்றாம் நாள் கடல். பெற்றோருக்கு இதில் கொஞ்சம் பயம் இருக்கிறது, அதைக் குறை சொல்ல முடியாது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர் போனது அம்பாறை மாவட்டத்தில். இந்தப் பிள்ளைகளின் வீடுகளில் பெயர் சொல்லி துஆ கேட்கப்படும் மையித்துகள் உண்டு. ஆகவே கடற்கரைக்குப் போவதில்லை, கடலைக் கொஞ்சம் கூட்டி வருவோம். மீன்காரரிடம் பழைய ரெஜிபோம் பெட்டி வாங்கி, அகலவாக்கில் வெட்டி, ஓட்டைகளை அடைத்து, பாதிக்கு மணலும் மீதிக்குத் தண்ணீரும். ஒரு பிள்ளை சிறு பலகையால் தண்ணீரைச் சாய்வாகத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். கரைக்கு நேராகத் தள்ளினால் ஒன்றும் நடக்காது, சாய்வுதான் முக்கியம். பத்து நிமிடத்தில் மணல் கரையோரமாக ஒரு பக்கம் ஊர்ந்து போவது தெரியும். அதில் அடையாளத்துக்கு மஞ்சள்தூளில் பிசைந்த மணல் ஒரு பிடி போடுவோம். பிறகு கரையிலிருந்து தண்ணீருக்குள் இரண்டு செங்கல்லை நீட்டிவைத்து மீண்டும் தள்ளச் சொல்வோம். செங்கல்லுக்கு இந்தப் பக்கம் மணல் குவியும், அந்தப் பக்கம் கரை தின்னப்படும். மஞ்சள் மணல் செங்கல்லைத் தாண்டாது.

“ஒலுவில்!” என்று யாராவது ஒருவர் கத்திவிடுவார்கள். நான் சொல்ல வேண்டியதே இல்லை. டென்மார்க் கடனுதவியில் கட்டி 2013இல் திறந்த துறைமுகம்; அலைதடுப்புச் சுவர்கள் கட்டிய பிறகு அதன் வடக்கே ஒலுவில், நிந்தவூர்க் கரைகளில் தென்னையும் வாடியும் கடலுக்குப் போனதையும், துறைமுக வாயில் மணலால் அடைபட்டதையும் எங்கள் பிள்ளைகள் சாப்பாட்டு மேசையில் கேட்டு வளர்ந்திருக்கிறார்கள். ஒரு வருடம் நிந்தவூரிலிருந்து வந்த மகன் ஒருவன் செங்கல்லை அப்படியே விட்டுவிட்டு, ஒரு பக்கத்து மணலைக் கரண்டியால் அள்ளி மறுபக்கம் போட்டான். ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் ஒரு கரண்டி. “இப்பிடியே போட்டுக்கிட்டே இரிந்தா சரிதானே சேர்?” உலகத்தில் பல துறைமுகங்களில் இதைத்தான் செய்கிறார்கள், பம்ப் வைத்து. யார் அந்தக் கரண்டிக்குச் சல்லி கொடுப்பது என்று அவனிடமே கேட்டேன். அதை வீட்டில் வாப்பாவிடம் கேட்டுவிட்டு வருவதாகச் சொன்னான். வாப்பா என்ன சொன்னாரென்று மறுநாள் சொல்லவில்லை.

நாலாம் ஐந்தாம் நாள் வடிவமைப்பு. வீட்டில் ஒருவருக்கு ஒரு கரைச்சலைத் தீர்த்துக் கொடு என்பதுதான் வேலை. முன்பெல்லாம் ‘புதிய கண்டுபிடிப்பு’ என்று சொல்லிக் கெடுத்தேன். எல்லாரும் மழை வந்தால் தானாக மடிகிற கொடிக்கயிறு செய்தார்கள்.

ஏழாம் தரப் பிள்ளை ஒருத்தி தன் உம்மம்மாவை எடுத்துக்கொண்டாள். தொழுகைக்கு வுழூ செய்கிற பைப் தாழ்வாக இருக்கிறது, குனிய முடியவில்லை என்று கண்டுபிடித்து, பைப்பின் தலையில் இரண்டடி பிவிசிக் குழாயைக் கட்டி நீண்ட பிடி ஒன்று செய்தாள். நல்ல வேலை. அன்றிரவே உம்மம்மா அதைத் திருப்ப, பைப்பின் தலை கழன்று கையோடு வந்துவிட்டது. வீடு முழுக்கத் தண்ணீர். நீளப் பிடி சிறிய பலத்தைப் பெரிதாக்கும் என்ற பாடத்தை அந்தக் குடும்பம் மறக்காது. பைப்பை மாற்றிக் கொடுத்தது நான்.

மறுநாள் அவளை மறுபடி அனுப்பினேன், கொப்பியும் மணிக்கூடும் கொடுத்து. கேட்காதே, பக்கத்தில் இருந்து பார் என்றேன். அஸருக்கு உம்மம்மா வுழூ செய்வதை முழுக்கப் பார்த்து எழுதிவந்தாள். பைப்பைத் திறக்க ஒரு கணம்தான். காலைக் கழுவ ஒற்றைக் காலில் நின்று, ஒரு கையால் சுவரைப் பிடித்து, ஈரச் சீமெந்தில் வழுக்கி வழுக்கி நிற்பதுதான் நேரம் முழுக்க. ஐந்தாம் நாள் அவள் செய்தது உயரம் குறைந்த ஒரு பலகை முக்காலி, காலில் சைக்கிள் டயர் துண்டு அடித்தது. முக்காலியின் மூன்று காலும் மூன்று அளவு. அரம் போட்டு அரம் போட்டுச் சரிசெய்ததில் இன்னும் ஒரு அங்குலம் தாழ்ந்துபோனது.

சில்லறை விசயங்கள் சில. பென்டோர்ச் பெற்றரி மட்டும் பாவியுங்கள். பழைய போன் பெற்றரிகளைப் பிள்ளைகள் சும்மா கொண்டுவருவார்கள். ஒருமுறை உப்பிய பெற்றரி ஒன்றை ஒருவன் ஆணியால் குத்திப் பார்க்க, சீறிக்கொண்டு புகைந்தது. கரைவலைக்காரர் தந்த வாளியில் மணல் இருந்ததால் அதற்குள் தள்ளிவிட்டோம். அன்றிலிருந்து மணல் வாளி வாசலுக்குப் பக்கத்தில், போன் பெற்றரி வாசலுக்கு வெளியே. பெண்பிள்ளைகளின் பர்தாத் தலைப்பைப் பின்னால் ஊசி குத்திவிட வேண்டும், துளைபோடும் மெசினுக்கும் சோல்டரிங் இரும்புக்கும் அது தெரியாது. இதை நான் சொன்னால் வெட்கப்படுவார்கள். என் மனைவி ஆசிரியை, அவர் சொல்வார். அவர் வருகிறார் என்று தெரிந்த பிறகுதான் பெண்பிள்ளைகள் பாதிக்குப் பாதி வரத் தொடங்கினார்கள். ஹொட் குளூ துப்பாக்கி ஒன்றே போதும், ஒரு மேசையில், ஒரு பெரியவரோடு. உடைந்த விளையாட்டுக் கார்களைப் பெருநாள் முடிந்து ஒரு மாதத்தில் ஊரில் சேர்த்தால் வருடத்துக்கான மோட்டர் கிடைத்துவிடும்.

சேட்டிபிகட்டைப் பற்றியும் கேட்பார்கள். கொடுத்துவிடுங்கள், சண்டை பிடிக்காதீர்கள். நான் அதன் பின்பக்கத்தில், ஐந்து நாளில் எத்தனை தரம் உடைந்தது, எத்தனை தரம் திரும்பச் செய்தது என்று பிள்ளையின் கையாலேயே எழுதவைக்கிறேன். சில வாப்பாமார் முன்பக்கம் தெரிய பிரேம் போட்டிருக்கிறார்கள்.

போன மாதம் அந்த உம்மம்மா வீட்டுக்கு வேறு ஒரு காரியமாகப் போனேன். வுழூ செய்யும் இடத்தில் முக்காலியைக் காணவில்லை. பின்வாசலில் அதன்மேல் உட்கார்ந்து சூடை மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். “நல்ல உசரம் மனே” என்றார். உள்ளேயிருந்து பேத்தி, இன்னும் ஒன்று செய்ய வேண்டும் போல என்று கொப்பியோடு வந்தாள்.