வரிசை போட்டால் வேலை முடியுமா?

அன்புள்ள தம்பிக்கு,

"எந்த ஆபத்து பெரியதோ அதற்கு முதலில் பணம் ஒதுக்கவேண்டியதுதானே, இதில் என்ன அரசியல்?" என்று கேட்டிருக்கிறாய். கணக்கில் நீ கெட்டிக்காரன்தான். அவசரத்தில் அதைவிடக் கெட்டிக்காரன்.

நீ சொல்வதைச் செய்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தன் அதிகாரிகளும் நிபுணர்களுமாகச் சுமார் 75 பேரை உட்காரவைத்து, 31 பிரச்சினைகளை எடைபோடச் சொன்னது. 1987-ல் அறிக்கை வந்தது. புற்றுநோய், மற்ற நோய்கள், இயற்கைக்கு வரும் சேதம், பொருள் நஷ்டம் என்று நான்கு கணக்கு. நான்கையும் கூட்டி ஒரே பட்டியலாக்க அவர்களுக்கே துணிச்சல் வரவில்லை. நீ ஒரே மூச்சில் கூட்டிவிடுவாய்!

மக்கள் நடுங்கிய நச்சுக்கழிவுக் கிடங்குகள் அந்தக் கணக்குகளில் பெரிதாக மேலே வரவில்லை. புற்றுநோய்க் கணக்கில் வீட்டுக்குள் சேரும் ரேடான் மேலே வந்தது. நிறமில்லை, மணமில்லை, மண்ணிலுள்ள யுரேனியத்திலிருந்து பிறந்து, அடித்தளத்து விரிசல் வழியாக வீட்டுக்குள் ஏறும் வாயு. 1984-ல் பென்சில்வேனியாவில் அணுமின் நிலைய இன்ஜினியர் ஒருவர் வேலைக்கு உள்ளே நுழையும்போதே கதிர்வீச்சு அலாரம் அடித்தது. நிலையத்தில் கோளாறில்லை, அவர் வீட்டில்தான் ரேடான்.

உடனே "ஜனங்களுக்கு ஒன்றும் தெரியாது" என்று ஆரம்பிக்காதே. ரேடானை யாரும் கொண்டுவந்து கொட்டவில்லை; கழிவை ஒருவர் கொண்டுவந்து கொட்டினார். நயாகரா அருகே லவ் கேனலில் ஒரு ரசாயனக் கம்பெனி கழிவைப் புதைத்த இடத்தில் பின்னால் பள்ளிக்கூடம் எழும்பியது. 1978-ல் நெருக்கடி நிலை அறிவித்துக் குடும்பங்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. அங்கே மக்களுக்கு வந்த கோபத்தைச் சாவு எண்ணிக்கையால் அளக்க முடியுமா? அதே 1987-ல் ஒரு கிறிஸ்தவத் திருச்சபை வெளியிட்ட ஆய்வு, கழிவுக் கிடங்குகள் கறுப்பினத்தவரும் பிற சிறுபான்மையினரும் வாழும் பகுதிகளில்தான் அதிகம் என்று காட்டியது. நாடு முழுவதற்கும் போடும் சராசரியில் இது தெரியாது.

"சரி, கீழே இருப்பதற்குச் செலவையாவது குறைக்கலாமே" என்பாய். இங்கேதான் சறுக்குவாய். அவர்கள் எடைபோட்டது, இருக்கிற சட்டமும் கண்காணிப்பும் போக மிச்சமிருக்கும் ஆபத்தை. சில பிரச்சினைகள் கீழே இருப்பதே ஏற்கெனவே செலவு செய்ததால்தான். காய்ச்சல் இறங்கிவிட்டதென்று மாத்திரையைப் பாதியில் நிறுத்துகிற ஆள் நீ; சொன்னால் கோபம் வரும். இன்னொன்று: சரிசெய்ய எவ்வளவு ஆகும், சரிசெய்ய முடியுமா என்பதை அந்த அறிக்கை கணக்கிலேயே எடுக்கவில்லை. ரேடானுக்கு ஒரு குழாயும் மின்விசிறியும் பொருத்தினால் பெரும்பாலும் போதும். புவி வெப்பத்தை எந்த விசிறி இறக்கும்?

வரிசை வேண்டாம் என்று சொல்லவில்லை. மக்கள் நடுங்குவது ஒன்று, ஆபத்து பெரிதாக இருப்பது வேறொன்று என்று காட்டியதே அதுதான். நீ பட்டியல் போடும்போது, இப்போது எவ்வளவு செலவாகிறது, இன்னும் கொஞ்சம் செலவழித்தால் எவ்வளவு குறையும், யார் தலையில் விழுகிறது என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே எழுதி அனுப்பு. அப்புறம் சண்டை போடலாம்.

அன்புடன்,
அண்ணன்