ஆயாவின் ரேடியோவும் ஆறு பென்சில் கட்டைகளும்

பேசாத பொருள்கள் எல்லாம் கெட்டுப்போன பொருள்கள் அல்ல. சில பொருள்கள் பசியாலும் பேசாமல் இருக்கும். இந்த உண்மையை ஒரு பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவிடமிருந்து நாங்கள் கற்றுக்கொண்டோம். அதைத் தோழியரும் பெற்றோரும் அறியும்படி இங்கே எழுதுகிறோம்.

2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் மிக்ஜாம் புயல் வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் சாலவாக்கத்திலும் மின்சாரம் நின்றது. கைப்பேசிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. எங்கள் தோழி ஒருத்தியின் ஆயாவுக்குக் கண்பார்வை மங்கிவிட்டது. அன்றிரவு அவர்கள், "பரண் மேலே தாத்தா ரேடியோ இருக்குது பாரு, அதை எடுத்துப் போடுங்க. புயல் எங்கே இருக்குதுன்னு சொல்லும்" என்றார்களாம். அது 1960களில் தாத்தா மணிலாக்கொட்டை விற்ற பணத்தில் வாங்கிய ரேடியோ. எடுத்துத் திருகினார்கள், பேசவில்லை. உள்ளே இருந்த பேட்டரி எப்போதோ செத்திருந்தது. விடியும்வரை ஆயா அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். தோழி இதைச் சொன்னபோது எங்கள் மனம் கலங்கியது. இவ்வாண்டு அறிவியல் மன்றத்தில் எந்தத் தலைப்பை எடுப்பது என்ற கேள்வி வந்ததும் எல்லாரும் ஆயாவின் ரேடியோவையே நினைத்தோம்.

அதன் பேட்டரி நாம் காணும் உருளைக் கட்டை அன்று. செங்கலில் பாதி போல் தடித்த சதுரப் பெட்டி. தலையில் இரண்டு பொத்தான்கள். "9 வோல்ட்" என்ற எழுத்து மட்டும் தெரிந்தது. பி.பி. 9 என்பது இவ்வகையின் பெயர் என்று சிஸ்டர் கூறினார்கள். உத்திரமேரூரில் கேட்டோம், செங்கல்பட்டிலும் கேட்டோம். ஒரு கடைக்காரர், "இந்தச் சைஸ் இப்ப வர்றதில்லைம்மா. பேசாம எடைக்குப் போட்டுடுங்க" என்றார். தோழியின் மாமா ஓர் எலிமினேட்டர் வாங்கி வந்தார். அதை மாட்டினால் பாட்டைவிட "உர்ர்" என்ற இரைச்சலே பெரிதாகக் கேட்டது. மேலும், மின்சாரம் நின்றால் அதுவும் நின்றுவிடுமே! புயலுக்கு அது உதவாது.

ரேடியோவுக்கும் பேட்டரிக்கும் உள்ள உறவைச் சிறிது பார்ப்போம். முன்பு வால்வு ரேடியோக்கள் இருந்தன. எடுத்துச் செல்லும் வால்வு ரேடியோவுக்கு 90 வோல்ட் அளவில் ஒரு பெரிய பேட்டரியும், வால்வின் இழையைச் சூடாக்க வேறொரு பேட்டரியும் தேவைப்பட்டன. 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பார்டீன், பிராட்டெய்ன் ஆகியோர் டிரான்சிஸ்டரை இயக்கிக் காட்டினார்கள். அவர்களுக்கும் ஷாக்லிக்கும் 1956இல் நோபெல் பரிசு கிடைத்தது. டிரான்சிஸ்டருக்குச் சூடேற்றும் இழை இல்லை. ஆகவே சில வோல்ட்டே போதும். 1954இல் ரீஜென்சி நிறுவனத்தின் சட்டைப்பை ரேடியோ 22.5 வோல்ட் பேட்டரியில் ஓடியது. பின்னர் 9 வோல்ட், 6 வோல்ட் என்று குறைந்தது. மின்சாரம் வராத சிற்றூர்களுக்கும் ரேடியோ சென்றது இதனால்தான். 1960களில் ஆடுதுறை 27 என்னும் நெல்லைப் பற்றித் தஞ்சை உழவர்கள் வானொலியில் கேட்டுப் பயிரிட்டார்கள். அதனால் அந்த நெல்லுக்கே "ரேடியோ நெல்" என்று பெயர் வந்துவிட்டது.

இனி எங்கள் முயற்சிக்கு வருவோம். எங்கள் ஆய்வகத்து மல்டிமீட்டரில் சிறிய சதுரக் கட்டை ஒன்று உண்டு. அதுவும் 9 வோல்ட்தான். சிஸ்டர் அதை இரண்டு கம்பிகளால் ரேடியோவில் கவனமாக இணைத்தார்கள். ஒரு கரகரப்பு, பிறகு சென்னை வானொலியின் குரல்! நாங்கள் கை தட்டினோம். அதேபோன்ற புதுக் கட்டை ஒன்றை வாங்கி ஆயா வீட்டில் கொடுத்துவிட்டு வெற்றி பெற்றதாக எண்ணினோம். ஒரு வாரம் கழித்துத் தோழி வாடிய முகத்துடன் வந்தாள். "குரல் தேய்ந்து தேய்ந்து நின்றுவிட்டது" என்றாள்.

ஏன் நின்றது? வோல்ட் என்பது தண்ணீர்த் தொட்டியின் உயரம் போன்றது. தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது வேறு கணக்கு. அதை மில்லி ஆம்பியர் மணி என்ற அளவால் கூறுவர். அளவான ஒலியில் அந்த ரேடியோ சுமார் 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் எடுப்பதை மல்டிமீட்டரில் பார்த்தோம். சாதாரணச் சதுரக் கட்டையின் கொள்ளளவு ஏறத்தாழ 400 மில்லி ஆம்பியர் மணி. 400ஐ 20ஆல் வகுத்தால் 20 மணி நேரம். ஆயா நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் கேட்பார்கள். ஒரு வாரம் சரியாகத்தானே வருகிறது! உயரம் ஒன்றாக இருந்தது. தொட்டிதான் சிறியதாக இருந்தது.

அப்படியானால் 9 வோல்ட்டைப் பெரிய தொட்டியிலிருந்து எடுப்பது எப்படி? விடை எங்கள் பாடப் புத்தகத்திலேயே இருந்தது. மின்கலங்களைத் தொடர் இணைப்பில் வைத்தால் மின்னழுத்தங்கள் கூடும். ஒரு பென்சில் கட்டை 1.5 வோல்ட், ஆறு சேர்ந்தால் 9 வோல்ட். அல்கலைன் வகைப் பென்சில் கட்டையின் கொள்ளளவு சுமார் 2000 மில்லி ஆம்பியர் மணி. 2000ஐ 20ஆல் வகுத்தால் 100 மணி நேரம். ஆயாவுக்கு ஒரு மாதத்திற்குப் போதும். மூன்று மூன்றாக இரண்டு அடுக்கு வைக்கும் பிளாஸ்டிக் கூடு ஒன்றை ஒரு தோழியின் அப்பா சென்னை ரிச்சி தெருவிலிருந்து வாங்கி வந்தார். அது பழைய பேட்டரியின் இடத்திற்குள் அடங்கிவிட்டது.

ரேடியோவின் கம்பிகளை வெட்டக் கூடாது என்று சிஸ்டர் கண்டிப்பாகச் சொன்னார்கள். ஆகவே செத்த பேட்டரியின் தலையிலிருந்த பொத்தான் தகட்டை மின்பணியாளர் அண்ணன் ஒருவர் கையுறையுடன் கழற்றித் தந்தார். அதில் கூட்டின் இரு கம்பிகளையும் பற்றவைத்தோம். உடனே மாட்டப் போனோம். "முதலில் அளந்து பாருங்கள்" என்று தடுத்தார்கள் சிஸ்டர். அளந்தோம். ஒன்பதரை வோல்ட்டுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி! நேர்முனையையும் எதிர்முனையையும் மாற்றிப் பற்றவைத்திருந்தோம். அந்த ரேடியோவில் இருப்பவை ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள். தலைகீழாக மின்சாரம் பாய்ந்தால் அவை கெட்டுவிடக்கூடும்; அவற்றுக்கு மாற்று எளிதில் கிடைக்காது. பழைய ரேடியோக்கள் சிலவற்றில் உலோகச் சட்டத்தோடு நேர்முனையே சேர்ந்திருக்கும் என்பதால் ஊகத்தில் இணைப்பது ஆபத்து. ஒரு நிமிட அவசரத்தில் தாத்தாவின் நினைவுப் பொருளை நாங்களே ஊமையாக்கி இருப்போம். அந்தக் கழித்தல் குறியை நாங்கள் என்றும் மறவோம்.

வேறு கட்டைகளையும் சோதித்தோம். திரும்பத் திரும்ப மின்னேற்றும் நிக்கல் கட்டை ஒவ்வொன்றும் 1.2 வோல்ட், ஆறு சேர்ந்தால் 7.2 வோல்ட்தான். ரேடியோ பேசியது, ஆனால் குரல் சற்றுத் தாழ்ந்திருந்தது. மின்னேற்றக்கூடிய 1.5 வோல்ட் லித்தியம் கட்டைகளுக்குள் மின்னழுத்தத்தை மாற்றும் ஒரு சிறு சுற்று உள்ளது. அது மீடியம் வேவில் இரைச்சலைக் கிளப்பியது.

இதைக் கேள்விப்பட்டு மற்றொரு தோழி நான்கு பெரிய டார்ச் கட்டை போடும் தன் வீட்டு ரேடியோவைக் கொண்டு வந்தாள். உள்ளே ஒரே பச்சையும் வெள்ளையுமான பொரிவு. உலர் மின்கலத்தில் துத்தநாகக் குவளையே எதிர்முனை. நடுவிலுள்ள கார்பன் தண்டு நேர்முனை. வேலை செய்யச் செய்யக் குவளை கரைந்து ஓட்டையாகிறது. பசை வெளியே கசிகிறது. அந்தப் பசை அமிலத் தன்மை உடையது. ஆகவே சமையல் சோடாவை நீரில் குழைத்துப் பஞ்சால் துடைத்தோம். அல்கலைன் கட்டை கசிந்தால் அது காரம். அதற்கு எலுமிச்சைச் சாறு வேண்டும். பிறகு உலர்த்தி, உப்புத்தாளால் தகடுகளைத் தேய்த்தோம். 6 வோல்ட் கிடைத்தது. வேண்டுமென்றே ஒரு கட்டையைத் திருப்பி வைத்து, ரேடியோவில் மாட்டாமல் அளந்து பார்த்தோம். மூன்று வோல்ட்தான்! மூன்று கட்டைகள் கொடுத்த நாலரையில் ஒன்றரையைத் திரும்பிய கட்டை கழித்துவிட்டது.

நம் வீடுகளில் தீர்ந்த கட்டையை வெயிலில் வைப்பது வழக்கம். சூட்டால் சிறிது நேரம் உயிர் வருவது உண்மையே. ஆனால் கரைந்த துத்தநாகம் திரும்பாது. கசிவுதான் விரைவில் வரும். பழைய கட்டையோடு புதியதைக் கலப்பதும் கூடாது.

ஆயாவிடம் ரேடியோவைக் கொண்டு சென்ற மாலையில் அவர்களே குமிழைத் திருகினார்கள். செய்தி தெளிவாகக் கேட்டது. நாங்கள் பாராட்டை எதிர்பார்த்து நின்றோம். ஆயாவோ, "சத்தத்தைக் குறைங்கடி, கட்டை தீர்ந்துடும்" என்றார்கள். எல்லாரும் சிரித்துவிட்டோம். நாங்கள் மில்லி ஆம்பியரில் கண்டதை அவர்கள் அனுபவத்திலேயே அறிந்திருந்தார்கள்!

அன்புத் தோழியரே! உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு ரேடியோ இருக்கலாம். எடைக்குப் போடுமுன் அதன் பசி என்னவென்று பாருங்கள். எத்தனை வோல்ட், எவ்வளவு கொள்ளளவு, எந்த முனை எங்கே என்ற மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்தால் போதும். மழைக்காலத்திற்கு முன் புதுக் கட்டைகளை வாங்கித் தனியே எடுத்து வையுங்கள். நெடுநாள் ரேடியோவுக்குள் விட்டுவிடாதீர்கள். தீர்ந்தவற்றை ஏரிக்கரையில் எறியாதீர்கள். அடுத்த புயலிரவில் எந்த ஆயாவும் ஊமைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு விழித்திருக்க வேண்டாம்.

— பத்தாம் வகுப்பு மாணவி, அறிவியல் மன்றத் தோழியருக்காக