ஹண்டர்ஸ் ஹில்லில் பழைய கல் வீடு வாங்குகிறீர்களா?

சிட்னியில் பாரமட்டா ஆற்றுக்கும் லேன் கோவ் ஆற்றுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் நிலம் ஹண்டர்ஸ் ஹில். 19ஆம் நூற்றாண்டில் பிரான்சிலிருந்து வந்த ஜூபேர் சகோதரர்கள் இங்கே கட்டிய மணற்கல் வீடுகள் இன்றும் நிற்கின்றன. இந்தப் பகுதியில் ‘புதுப்பிக்க வாய்ப்புள்ள குடும்ப வீடு’ என்று விளம்பரம் வந்தால், நிறைய வேலை பாக்கி இருக்கிறது என்று பொருள். அதற்குப் பயப்பட வேண்டாம். எந்த வேலை முந்தி, எது பிந்தி என்று தெரிந்துகொண்டால் போதும்.

முதலில் பத்திரம். சாதாரண விற்பனையில் கையெழுத்திட்ட பிறகும் 5 வேலை நாள் யோசிக்க நேரம் உண்டு. அதற்குள் விலகினால் விலையில் 0.25 சதவீதம் போகும். 40 லட்சம் டாலர் வீட்டுக்கு அது 10,000 டாலர். ஏலத்தில் எடுத்தால் இந்த அவகாசமே கிடையாது. அதனால் கட்டடச் சோதனை, கரையான் சோதனை, வழக்கறிஞர் ஒப்பந்தத்தைப் படிப்பது எல்லாமே ஏலத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். ஒப்பந்தத்தோடு இருக்கும் கழிவுநீர்க் குழாய் வரைபடத்தை நீங்களும் பாருங்கள். நீங்கள் அறையை நீட்டிக் கட்ட நினைக்கும் இடத்தின் அடியில் பொதுக் குழாய் ஓடினால், சிட்னி வாட்டரின் ஒப்புதல் இல்லாமல் கட்ட முடியாது.

அடுத்தது தண்ணீர். முடிந்தால் மழை பெய்யும் நாளில் வீட்டைப் போய்ப் பாருங்கள். சரிவான நிலம் என்பதால் மேட்டிலிருந்து வரும் நீர் சுவரடியில் தேங்கும். தரைக்குக் கீழே காற்றுப் போக விட்டிருக்கும் துவாரங்களைப் பூச்செடிப் பாத்தி மூடியிருக்கிறதா என்று கவனியுங்கள். உள்ளே வந்து, சுவரோடு தரை சேரும் இடத்து மரப் பலகையை ஸ்க்ரூடிரைவர் பிடியால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியாக ஒலித்துக்கொண்டு வந்த பலகை ஓரிடத்தில் பொத்தென்று ஒலித்தால், ஈரமோ கரையானோ உள்ளே இருக்கலாம்.

கல் சுவரில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். மணற்கல் ஈரத்தை உறிஞ்சும், பிறகு வெளியே விடும். அந்தக் காலத்துச் சுண்ணாம்புக் காரை கல்லைவிட மிருது. ஈரம் அதன் வழியாகவே வெளியேறும். அந்த இடுக்குகளை யாராவது சிமெண்ட் வைத்துப் பூசிவிட்டால் ஈரத்துக்கு வழி அடைபடுகிறது. கல்லின் வழியாகவே வெளியேறும்போது அதிலுள்ள உப்பு கல்லின் முகத்திலேயே படிந்து, கல்லைப் பொடிப் பொடியாக உதிர்க்கிறது. விரலால் தடவினால் மஞ்சள் மணல் ஒட்டும். சிமெண்டைக் கல் சிதையாமல் கையால் செதுக்கி எடுத்துவிட்டு மறுபடி சுண்ணாம்புக் காரையே பூச வேண்டும். நம்மூர்ச் சுண்ணாம்புச் சுவர் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. புதுச் சமையலறையைவிட இந்த வேலைக்கே முதலில் பணம் ஒதுக்குங்கள்.

பின்பக்கம் பிற்காலத்தில் ஒட்டிக் கட்டிய குளியலறை இருந்தால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவில் அதற்கு முழுத் தடை வந்தது 2003 டிசம்பர் 31இல்தான். உரிமம் பெற்றவர்களை வைத்தே அகற்றுங்கள்.

மரத்தை வெட்டிவிட்டால் துறைமுகம் தெரியும் என்ற ஆசை வரும். நகராட்சி அனுமதி இல்லாமல் தொடாதீர்கள். இதே ஊரில் கெல்லிஸ் புஷ் என்ற காட்டுத் துண்டைக் காக்க 13 பெண்கள் போராட, 1971இல் கட்டடத் தொழிலாளர் சங்கம் அங்கே வேலை செய்ய மறுத்தது. உலகின் முதல் ‘பசுமைத் தடை’ அதுதான். இங்கே மரம் என்பது ஊரின் சொத்து.

குடியேறி ஒரு கோடையும் ஒரு குளிர்காலமும் கழிந்த பிறகு வரைபடம் போடுங்கள். தென்கோளத்தில் குளிர்கால வெயில் வடக்கிலிருந்து வரும். குடும்பம் கூடும் அறை அந்தப் பக்கம் திறக்கட்டும். பாரம்பரியப் பாதுகாப்புப் பகுதியாக இருந்தால், வரைவதற்கு முன்பே நகராட்சியிடம் பேசிவிடுங்கள்.

கடைசியாகக் கட்டுநர். 5,000 டாலருக்கு மேற்பட்ட வேலைக்கு உரிமமும் எழுத்து ஒப்பந்தமும் கட்டாயம். முன்பணம் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வேலை 20,000 டாலரைத் தாண்டினால் உங்கள் பெயருக்கு வீட்டுக் கட்டுமானக் காப்பீடு எடுத்துத் தர வேண்டியது அவர் பொறுப்பு. அந்தச் சான்றிதழ் கைக்கு வராமல் ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள்.