அதே குழி, புதுக் கன்று

கேள்வி: எங்கள் நகராட்சியில் ஆண்டுதோறும் மரக்கன்று நடுகிறார்கள். மறு ஆண்டு அதே குழியில் இன்னொன்று! தவறு ஒப்பந்தக்காரர் மீதுதானே?

பதில்: பாதிதான். ஒப்பந்தத்தை எழுதியது நகராட்சி அல்லவா? குழி தோண்டி, கன்று வைத்து, கூண்டு மாட்டியதுமே பில் பாஸாகிவிட்டால், சித்திரை வெயிலில் தண்ணீர் லாரி ஏன் வரப்போகிறது? பணத்தில் ஒரு பகுதியை நிறுத்திவைத்து, இரண்டு கோடையைத் தாண்டி உயிரோடு நிற்கும் மரங்களை எண்ணிப் பார்த்த பிறகே கொடுக்க வேண்டும். பட்டுப்போனதற்குப் பதில் கன்று வைப்பதும் ஒப்பந்தக்காரர் செலவில்தான் என்று ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். எண்ணிப் பார்க்க நகராட்சிக்கென்று சொந்தமாக ஓர் ஆள் தேவை. (அதற்கும் டெண்டர் விட்டுவிடப் போகிறார்கள்!)

எந்தக் கன்று என்பதும் முக்கியம். 2016 வர்தா புயலில் சென்னையில் குல்மோகர் போன்ற வெளிநாட்டு மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. வேம்பு, புங்கன், பூவரசு கேளுங்கள்.

முதலில், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு அந்த ஒப்பந்தத்தின் நகலை வாங்குங்கள். மனுக் கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.