கட்டிலுக்கடியில் 640 பிரதிகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் புத்தகம் மோசமான புத்தகம் அல்ல. தாள் நல்ல தாள். படங்களும் நல்ல படங்கள். அதில் வரும் ரயில் பெட்டியின் போகியில் எத்தனை ஸ்பிரிங் இருக்க வேண்டுமோ அத்தனை ஸ்பிரிங் இருக்கிறது. அதற்காக ஓவியரை மூன்று முறை திருத்தி வரைய வைத்தேன். அப்படியும் 2022-ல் அச்சான 1000 பிரதிகளில் 640 என் கட்டிலுக்கடியில்தான் கிடக்கின்றன.

குழந்தைகளுக்கு எழுத வேண்டும் என்ற ஆசையை வாழ்நாளெல்லாம் பொத்தி வைத்திருந்து, ரிட்டயர் ஆன கையோடு பி.எஃப். பணத்தோடு கிளம்பியிருக்கிறீர்களே, உங்களுக்காகத்தான் இது. உங்கள் மனைவி வேண்டாமென்று சொல்லியிருப்பார். என் மனைவியும் சொன்னாள்.

அப்பா பொன்மலையிலிருந்து மாற்றலில் மைசூருக்கு வந்தவர். நான் பிறந்தது 1961-ல், அசோகபுரம் ரயில்வே ஒர்க்ஷாப்புக்குக் கூப்பிடு தூரத்தில். வீட்டில் அம்புலிமாமா வரும். முடிவெட்டும் கடையில் கன்னடச் சந்தமாமா கிடக்கும். அதே கதை, அதே படம், எழுத்து மட்டும் வேறு. கடைக்காரரிடம் கெஞ்சிப் பழைய இதழை வாங்கிவந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்வேன். வேதாளம் தோளில் தொங்குகிற படத்துக்குக் கீழே தமிழில் இருப்பதுதானே கன்னடத்திலும் இருக்கும்? அப்படித்தான் கன்னடம் கூட்டிப் படித்தேன். பள்ளிக்கூடம் சொல்லித் தந்தது அதற்குப் பிறகு. இந்த ஒரு விஷயம் புத்தகம் போடும்போது நினைவுக்கு வந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திருக்காது.

குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா வங்கி வேலையில் இருந்துகொண்டே எழுதினாரே, நீங்கள் ஏன் 60 வயதுவரை காத்திருந்தீர்கள் என்று என் மாப்பிள்ளை கேட்பார். வங்கியில் நைட் ஷிஃப்ட் கிடையாது என்று சொல்லிவிடுவேன்.

எழுதியது, ஓவியரைப் பிடித்தது, அச்சுக்குக் கொடுத்தது எல்லாம் எல்லாருக்கும் நடப்பதுதான். ஏழு மாதம், 1,40,000 ரூபாய். பெயர் சொல்ல விரும்பாத ஒரு பதிப்பகம் மொத்தத்தையும் 'பேக்கேஜ்' என்றது. அதில் ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கென்று 5000 ரூபாய். நம் நாட்டில் அந்த எண்ணை மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழுள்ள ராஜா ராம்மோகன் ராய் முகமை இலவசமாகவே தருகிறது என்று எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. ஒப்பந்தத்தையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலத்தைக் குறிப்பிடாவிட்டால் அது ஐந்தாண்டுக்குத்தான் செல்லும் என்கிறது 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவு. என் தாளில் காலம் குறிப்பிட்டிருந்தது: பதிப்புரிமை உள்ளவரை. அதாவது நான் இருக்கும்வரை, நான் போன பிறகு இன்னும் 60 வருஷம். காசும் என்னுடையது, கதையும் என்னுடையது, உரிமை மட்டும் அவர்களுடையது. இதுகூடப் பெரிய நஷ்டமில்லை.

கதையைச் சொல்கிறேன். அகலப் பாதை வந்ததும் வேலையில்லாமல் போன ஒரு சாதாரண மீட்டர் கேஜ் பெட்டி. கே.ஆர்.எஸ். சாலையில் இருக்கிறதே, 1979-ல் திறந்த ரயில் அருங்காட்சியகம், அங்கே வந்து சேர்கிறது. பக்கத்தில் 1899-ம் ஆண்டின் மகாராணி சலூன். சமையலறை, சாப்பாட்டு அறை எல்லாம் வைத்த சலூன். அதைப் பார்த்துப் பார்த்து நம் பெட்டி குறுகிப்போகிறது. ஒருநாள் ராத்திரி அதன் இருக்கைக்கடியில் ஏதோ சத்தம். பார்த்தால் ஒரு பூனையும் நான்கு குட்டிகளும். அத்தனை பெரிய சலூனை விட்டுவிட்டு இங்கே வந்து குட்டி போட்டிருக்கிறது. இன்றைக்கும் எனக்கு இந்தக் கதை பிடிக்கும்.

வெளியீட்டு விழாவுக்கு அறுபது பேர் வந்தார்கள். குழந்தைகள் மூன்று பேர், அதில் ஒன்று தூங்கிவிட்டது. பேசிய நான்கு பேரும் 'ஆர்.கே. நாராயண் வாழ்ந்த ஊரிலிருந்து' என்றுதான் தொடங்கினார்கள். 1935-ல் லண்டனில் வெளியான 'சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' ஆங்கில நாவல். சிறுவர் புத்தகமாக எழுதியதும் அல்ல. யாதவகிரியில் இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் அவர் வீட்டைத் தாண்டித்தான் நான் பால் வாங்கப் போகிறேன். அவருக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம் அவ்வளவே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் மொட்டைமாடியில் ஏழு குழந்தைகளை உட்கார வைத்தேன். எல்லாம் தமிழ் வீட்டுப் பிள்ளைகள். தின்ன ஆளுக்கு இரண்டு கோடுபளே. பேத்தியிடம் புத்தகத்தைக் கொடுத்து, "நீ படிம்மா" என்றேன். அட்டையைத் தடவிப் பார்த்தாள்.

"தாத்தா, எனக்குத் தமிழ் பேசத்தானே வரும்? படிக்க வராதே."

எட்டு வயது. என் வீட்டிலேயே வளர்கிறவள். பள்ளியில் ஆங்கிலம், கன்னடம், இந்தி. அவள் ரிப்போர்ட் கார்டில் கையெழுத்துப் போடுகிறவனே நான்தான். ஏழு பேரில் தமிழ் எழுத்து தெரிந்தது ஒரு பையனுக்கு. அவனும் ஓசூரிலிருந்து அந்த வருஷம்தான் வந்தவன்.

சரி, நானே படிக்கிறேன் என்று ஆரம்பித்தேன். 'பெட்டியின் விழிகளில் நீர் மல்கியது.'

"விழின்னா?"

"கண்ணு."

"அப்ப கண்ணுன்னே சொல்லு. மல்கியதுன்னா?"

மல்கியதை விளக்கி முடிப்பதற்குள் இரண்டு பேர் எழுந்து தண்ணீர் தொட்டிப் பக்கம் போய்விட்டார்கள். மனதைத் தேற்றிக்கொண்டேன். பூனை வரும் இடத்தில் திரும்பி வருவார்கள். 18-ம் பக்கம் வந்தது. குரலைத் தாழ்த்தி, 'அது... என்ன... சத்தம்?' என்று நிறுத்தினேன். மிச்சமிருந்த ஐந்து பேரும் ஒரே குரலில் "பூனை!" என்றார்கள். எதிர்ப்பக்கத்தில், 19-ல், பூனை ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

படப் புத்தகத்தில் கேள்வி வலப்பக்கத்தில் இருக்க வேண்டும். பதில் தாளைப் புரட்டினால்தான் தெரிய வேண்டும். வலப்பக்கம் எப்போதும் ஒற்றைப்படை எண். என் கையெழுத்துப் பிரதியில் தற்செயலாகவோ என்னவோ, கேள்வி 17-ல், பூனை 18-ல் என்று சரியாகத்தான் இருந்தது. கடைசி நேரத்தில் ஒரு தமிழறிஞரின் அணிந்துரை ஒரு பக்கம் நீண்டு வந்தது. 32 பக்கம் என்றால் 32தான். பதினாறு பக்க ஃபாரம் இரண்டு. அதனால் கடைசியில் இருந்த அருங்காட்சியகக் குறிப்பைத் தூக்கிவிட்டு, கதை முழுவதையும் ஒரு பக்கம் தள்ளினார்கள். அந்த அணிந்துரையில் என் பெயருக்கு முன்னால் ஐந்து அடைமொழிகள். என் பூனையைக் கொன்றது அந்த ஐந்து அடைமொழிகள்தான். குழந்தைப் புத்தகத்துக்கு அணிந்துரை வாங்காதீர்கள். கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ஒர்க்ஷாப்பில் 36 வருஷம் இருந்தேன். சோதித்துப் பார்க்காமல் ஒரு பெட்டியையும் வெளியே விட்டதில்லை. புத்தகத்தை மட்டும் ஒரு குழந்தையிடம்கூடப் படித்துக் காட்டாமல் 1000 பிரதி அடித்தேன். சோதித்துப் பார்க்க என்ன செலவு? எட்டு ஏ4 தாளை நடுவில் மடித்து ஸ்டேபிள் அடித்தால் 32 பக்க டம்மி. படத்துக்குப் பதில் பென்சில் கோடு போதும். ஜெராக்ஸ் கடையில் இருபது ரூபாய். அந்த இருபது ரூபாயை மிச்சம் பிடித்தவன் நான்.

இப்போது ஞாயிறுதோறும் காலையில் செலுவாம்பா பூங்காவுக்கு டம்மியை எடுத்துக்கொண்டு போகிறேன். சொந்தப் பேரப்பிள்ளைகள் இதற்கு ஆகமாட்டார்கள். உங்கள் முகத்துக்காக உட்கார்ந்திருப்பார்கள். தெரியாத குழந்தைதான் எழுந்து போகும். எந்தப் பக்கத்தில் எழுந்து போகிறதோ அந்தப் பக்கத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போடுங்கள். 'நல்லா இருந்துச்சா?' என்று கேட்கவே கேட்காதீர்கள், நல்லா இருந்துச்சு என்றுதான் சொல்லும்.

இரண்டாவது கதை 1800 சொல்லில் தொடங்கி 380-க்கு வந்து நின்றது. படத்தில் மழை பெய்கிறதென்றால் வரியில் மழை எதற்கு? அதையெல்லாம் அடித்தேன். 'சென்றான்' எல்லாம் 'போனான்' ஆயிற்று, அதுவும் பிறகு 'போனான்ல' ஆயிற்று. அணிந்துரைக்காரர் கேள்விப்பட்டுக் கொச்சைத் தமிழ் என்றாராம். மைசூரில் இந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் காது வழியாகத்தான் போகிறது. காதுக்கு எழுதினால் அப்படித்தான் இருக்கும். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் வேறுமாதிரி எழுதிக்கொள்ளட்டும்.

கன்னட வரியும் கூடவே உண்டு. இது என் கண்டுபிடிப்பில்லை. 1996-ல் சென்னையில் தொடங்கிய தூலிகா பதிப்பகத்தின் இருமொழிப் புத்தகங்களைப் பேத்தியின் தோழி வீட்டில் பார்த்தபோது, முடிவெட்டும் கடைச் சந்தமாமா மூளையில் சுருக்கென்றது. கன்னடத்தைப் பக்கத்து வீட்டு டீச்சரம்மா சரிபார்த்துக் கொடுத்தார். பெங்களூரு பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் இருக்கும் படங்களையே எடுத்து, இரு மொழியிலும் அங்கேயே ஏற்றிவிட்டேன். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், அச்சடிக்கலாம், மொழிபெயர்க்கலாம். எனக்கு ஒரு பைசா வராது. "1,40,000 போட்டவர் அடுத்ததைச் சும்மா கொடுக்கிறாரே" என்று மாப்பிள்ளை என் மகளிடம் சொன்னது சமையலறையிலிருந்து நன்றாகவே கேட்டது. விற்க வேண்டியதை விற்கத் தெரியாதவனுக்குச் சும்மா கொடுக்கவாவது தெரிந்திருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை.

போன மாதம் பூங்காவில் மூன்றாவது கதை. நான் தமிழ் வரியைப் படிக்க, பேத்தி கன்னட வரியை விரல் வைத்துப் படித்தாள். ஏழாம் பக்கத்தில் எனக்கு இருமல் வந்து நின்றுவிட்டேன். முன்பின் தெரியாத ஒரு பொடியன், ஐந்து வயதிருக்கும், என் முழங்காலைத் தட்டி, "ஆமேலே?" என்றான். அப்புறம் என்ன ஆச்சு என்கிறான். அந்தப் பக்கத்தில் பெருக்கல் குறி போடவில்லை.

புத்தகப் பெட்டிகளைக் கட்டிலுக்கடியில் வைக்கப்போகிறவர்களுக்கு ஒன்று: தரையில் அப்படியே வைக்காதீர்கள். நான்கு செங்கல் வைத்து மேலே பலகை போட்டு அடுக்குங்கள். ஆடி மாதச் சாரலில் தரை ஈரத்தைக் காகிதம் இழுத்துவிடும், அப்புறம் கறையான். எனக்கு 12 பிரதி போயிற்று. மேலே சொன்ன 640 அது போகத்தான்.